ஆர் சொன்னது இண்டைக்குக் குரங்கு தினமெண்டு?

ஆடிப்பிறப்பன்று காலையில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு சின்னத் தகராறு வருடா வருடம் நடக்கும். கூழுக்குப் பயறை வறுத்துப் போடுவதா, வறுக்காமல் போடுவதா என்பதே வழக்கு. பனங்கட்டி முதல்நாளே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியிருக்கும். தேங்காய்ச் சொட்டைச் சின்னச் சின்னப் பல்லாகக் கீறிப் போட்டு, அரிசிமாவைக் கட்டிபடாமல் கரைத்து ஊற்றி, மிளகும் ஏலக்காயும் இடித்துத் தூவி, கடைசியில் முதற்பால். ஊரில் என்றால் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அள்ளிக் குடிப்போம். ஐந்தாம் மாடியில் பிலாவிலைக்கு எங்கே போவது? கரண்டிதான்.

ஒருமுறை ஆடிப்பிறப்பு யூலை 17ஆம் திகதி வந்தது. அம்மா கூழ்ச் சட்டியைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். ரொறன்ரோவில் இருக்கும் பேத்தியிடமிருந்து பதிலுக்கு மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு முப்பது இருக்கும்.

"உதென்ன பிள்ளை, கூழுக்கு உப்பில்லை எண்டு சொல்லுறியோ?"

"இல்லை அம்மம்மா, இண்டைக்கு உலக இமோஜி தினம்."

"ஆர் சொன்னது?"

பேத்தி அதற்கும் ஒரு மஞ்சள் முகத்தையே அனுப்பினாள். ஆனால் அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கொழும்பில் ஒரு பத்திரிகையில் சில வருடங்கள் 'இன்று' என்ற இரண்டு அங்குல மூலையை நிரப்பும் வேலை எனக்கு இருந்தது. அப்போது இந்தக் கேள்வியை நான் ஒருநாளாவது கேட்டிருந்தால் சில அவமானங்களைத் தவிர்த்திருக்கலாம். அந்தக் கதை பிறகு.

இமோஜி தினத்துக்குப் பதில் லேசானது. ஜெரமி பேர்ஜ் என்பவர் 2014இல் தானாக அறிவித்தார். கைப்பேசியில் உள்ள நாட்காட்டிக் குறியை உற்றுப் பாருங்கள். அப்பிள் போனில் அது யூலை 17 என்று காட்டும். 2002இல் அதே நாளில் அப்பிள் தன் நாட்காட்டிச் செயலியை அறிமுகம் செய்தது, அதனால் அந்தத் திகதி படத்தில் ஏறியது, படத்தில் இருந்ததால் அதுவே தினமாயிற்று. ஆடிப்பிறப்புக்கோ சூரியன் கடக ராசிக்குள் நுழைய வேண்டும். ஒன்றுக்கு வானத்தில் சூரியன் இடம் மாறவேண்டும், மற்றதற்கு ஒரு சின்னப் படம் போதும்.

இப்படி ஒரு தினத்தை உண்டாக்க யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்றால், வேண்டாம். உலகத்தில் அப்படியொரு பதிவாளர் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் சேஸ் என்றொரு பத்திரிகை நூலகர் இருந்தார். எந்த நாளில் என்ன விசேஷம் என்று ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிக் களைத்துப் போய், சகோதரர் ஹரிசனுடன் சேர்ந்து 1957இல் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுக்கத் தொடங்கினார். என்னைப் போல மூலை நிரப்புகிறவர்களுக்காகவே ஒரு மனிதர் உழைத்திருக்கிறார் என்பதை நினைக்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் புத்தகம் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் இடம்பிடிக்க ஆட்களும் வருவார்கள். எழுதிப் போட்டால் சேர்ப்பார்களா என்று கேட்டு எழுதியவர்களின் தினங்களும் உள்ளே வந்தன. 2013இல் வடக்கு டகோட்டாவில் இணையத்தில் தொடங்கிய இன்னொரு நாட்காட்டி அடுத்த படிக்குப் போனது. நிறுவனங்கள் கட்டணம் கட்டித் தங்கள் தினத்தைப் பதிந்துகொள்ளலாம். பெட்டிக்கடை வாசலில் பெயர்ப்பலகை வைப்பதுபோலத்தான்.

ஐ.நா. தினங்கள் வேறு சாதி. ஒரு உறுப்பு நாடு தீர்மானம் கொண்டுவர வேண்டும், பொதுச்சபை அதை ஏற்க வேண்டும். அதற்கே ஒரு மரியாதை உண்டு. ஆனால் அங்கேயும் சூரை மீனுக்கு மே 2, உருளைக்கிழங்குக்கு மே 30, பருப்பு வகைகளுக்கு பெப்ரவரி 10, சைக்கிளுக்கு யூன் 3 என்று பட்டியல் நீள்கிறது.

என் கணக்கில் மூன்று வகை ஆட்கள் தினம் உண்டாக்குகிறார்கள்: பகிடிக்காரர், விற்கிறவர், மனக்குறை உள்ளவர். பகிடிக்காரரை நான் மிகவும் மதிக்கிறேன். 1995இல் ஒறிகன் மாநிலத்தில் ஜோன் பவர், மார்க் சமர்ஸ் என்ற இரு நண்பர்கள் பந்து விளையாடிக்கொண்டிருக்கையில், யாரோ வலியில் கத்தியது கடற்கொள்ளையன் கத்தியதுபோலக் கேட்டதாம். அன்றிலிருந்து 'கடற்கொள்ளையர் போலப் பேசும் தினம்'. திகதி செப்ரெம்பர் 19. ஏன் 19? அது சமர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள், மறக்காது என்பதால். ஏழு வருடம் அது இரண்டு பேருக்குள்ளேயே கிடந்தது. 2002இல் டேவ் பரி என்ற நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் ஒரு பத்தி எழுத, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

குரங்கு தினமும் இதே குலம். 2000ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓவியம் படித்த கேசி சாரோ என்ற மாணவர், நண்பரின் நாட்காட்டியில் டிசெம்பர் 14ஆம் திகதிக் கட்டத்தில் சும்மா 'குரங்கு தினம்' என்று கிறுக்கிவைத்தார். நாள் வந்தபோது நண்பர்கள் கொண்டாடியும் விட்டார்கள். இப்போது மிருகக்காட்சிசாலைகள் அதை அனுசரிக்கின்றன. நாட்காட்டிக் கட்டத்தில் பேனையால் கிறுக்குவது எவ்வளவு ஆபத்தான காரியம் பாருங்கள்.

இலங்கைக்கும் குரங்குக்கும் உள்ள கணக்கு அதைவிடப் பழையது. அனுமன் வாலில் தீயோடு வந்து நகரத்தைக் கொளுத்திவிட்டுப் போனது புராணம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி வந்தவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றரை இருக்கும். கொழும்பில் பாதி வீடுகளில் இறைச்சிக் கறி அடுப்பில். மின்விசிறி மெதுவாகி நின்றது. மாடியில் மின்தூக்கியும் நின்றது. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் யாரோ சிங்களத்தில் பேசுவதும் தமிழில் திட்டுவதும் கேட்டன. நாடு முழுக்க மின்சாரம் இல்லை என்று தெரிய அரைமணி நேரம் பிடித்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுப்புண்டதால் தொகுதியின் சமநிலை குலைந்தது என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். அவ்வளவுதான். உலகப் பத்திரிகைகள் அத்தனையிலும் அன்று நாங்கள் பெட்டிச் செய்தி.

ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாட்டையே அணைக்க முடியுமா? இங்கேதான் வேடிக்கைச் செய்தி முடிந்து உண்மைச் செய்தி தொடங்குகிறது. நம் மின்வலையமைப்பு ஒரு செக்கனுக்கு 50 தடவை என்ற ஒரே துடிப்பில் ஓடவேண்டும். பாவிக்கும் அளவும் உற்பத்தியாகும் அளவும் ஒவ்வொரு கணமும் சமனாக இருந்தால்தான் அந்தத் துடிப்பு நிற்கும். எங்காவது ஒரு கோளாறு வந்தால் அதைத் தாங்கிக்கொள்வது நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திலும் நீர்மின் நிலையங்களிலும் சுழலும் பெரிய இயந்திரங்களின் பாரம். குயவனின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரமான சக்கரத்தைக் கையால் தட்டினாலும் அது தன்பாட்டில் சுழலும். பிள்ளைகள் விளையாடும் பம்பரத்தைத் தொட்டால் சரிந்துவிடும்.

அந்த நாளையும் நேரத்தையும் பாருங்கள். ஞாயிறு, அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியிருக்கின்றன, தேவை குறைவு. உச்சி வெயில் ஏறும் நேரம், வீட்டுக் கூரைகளில் உள்ள சூரியத் தகடுகள் எல்லாம் மும்முரமாக உற்பத்தி செய்கின்றன. சூரியத் தகட்டில் சுழலும் பாரம் எதுவும் இல்லை. கூரையிலிருந்து வரும் மின்சாரம் கூடக் கூட, பாரமான இயந்திரங்களின் பங்கு குறைந்துபோகிறது. சக்கரம் பம்பரமாகிற நேரம் அது. அப்போது பாணந்துறையில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிய, துடிப்பு தடுமாற, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தங்களைப் பாதுகாத்துக்கொள்ளக் கழன்றுகொண்டன. நுரைச்சோலையும் கழன்றது. 900 மெகாவற் கொள்ளளவுள்ள அந்த நிலக்கரி நிலையத்தை நிறுத்துவது லேசு, திரும்பக் கொண்டுவர நாட்கள் ஆகும். அதனால்தான் திங்களும் செவ்வாயும் 90 நிமிட மின்வெட்டு. குரங்கு தொட்டதால்தான் விழுந்தது, சரி. ஆனால் விழுகிற நிலையில் அதை நிற்கவைத்தது குரங்கல்ல. அதே வருடம் சித்திரைப் புதுவருட விடுமுறையில் பகல்வேளையில் கூரைத் தகடுகளை அணைத்துவைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரரிடம் வேண்டிக்கொண்டது. காரணம் இதுதான். வெயில் அடிக்கிற நாட்டில் வெயிலை வேண்டாம் என்று சொல்லும் அறிவித்தல்! அதற்கு மட்டும் எந்த வெளிநாட்டுப் பத்திரிகையும் பெட்டி கட்டவில்லை.

குரங்குக் கதை அத்தோடு முடியவில்லை. மார்ச் 15ஆம் திகதி சனிக்கிழமை காலை 8 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் தங்கள் காணியில் நின்று குரங்கு எண்ண வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. குரங்கு மட்டுமல்ல, மந்தி, மயில், மலை அணில் எல்லாமே. 8 மணிக்குத் தொடங்கி 8.05க்கு நிறுத்தவேண்டும். ஐந்தே நிமிடம். எதிர்க்கட்சிக்காரர் சிரித்தார்கள், முகநூல் சிரித்தது. வெள்ளவத்தையில் எங்களுக்கு எண்ணக் கிடைத்தது காகமும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான், அவை பட்டியலில் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு புத்தி இருக்கிறது. குரங்கு ஓரிடத்தில் நிற்காது. எட்டு மணிக்கு உங்கள் மாமரத்தில் இருந்தது எட்டரைக்கு அயல்வீட்டுத் தென்னையில் இருக்கும், இரண்டு வீட்டுக் கணக்கிலும் ஏறிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில், மிகக் குறுகிய நேரத்தில் எண்ணினால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணும் பிழை குறையும். வீட்டிலிருந்து எண்ணியவர்கள் எவ்வளவு சரியாக எண்ணினார்கள் என்பது வேறு விசயம். மாத்தளையிலோ குருநாகலிலோ தென்னந்தோட்டம் வைத்திருக்கிறவரிடம் இதைப் பகிடியாகச் சொல்லிப் பாருங்கள், குரும்பையைக் கையில் எடுத்துக் காட்டுவார். இதே நாட்டிலிருந்து ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் வந்து, எதிர்ப்பு எழுந்து, நீதிமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டதும் நினைவிருக்கும்.

தேங்காய் என்றதும் தென்னைமர ஊடகச் சந்திப்பு ஞாபகம் வருகிறது. உலக தெங்கு தினம் செப்ரெம்பர் 2. அது விற்கிறவர் வகை. ஆசிய பசுபிக் தெங்கு உற்பத்தி நாடுகள் 1969இல் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கிய நாள். 2020இல் அந்தத் தினம் கழிந்து இரண்டு கிழமையில், தென்னைக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர் அருந்திக பெர்னாண்டோ தங்கொட்டுவையில் தென்னையில் ஏறி, உச்சியில் நின்றபடி செய்தியாளரிடம் தேங்காய்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். கீழே நின்றவர்கள் கழுத்து நோகக் கமெராவைத் தூக்கிப் பிடித்தார்கள். நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆராச்சி கொழும்பில் ஊடகச் சந்திப்பில் பச்சை மீனை அப்படியே கடித்துத் தின்றார். பேலியகொடை மீன்சந்தையில் கொரோனா கொத்தணி வெடித்து, சனம் மீன் வாங்கப் பயந்து, மீனவரின் பிடி விலைபோகாமல் கிடந்த நேரம் அது. மீனைச் சாப்பிடுங்கள், பயப்படாதீர்கள் என்பதுதான் அவர் சொல்லவந்தது. நான்கு நாள் கழித்து உலக மீன்பிடித் தினம். அன்று யாரும் எதையும் கடித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து தேங்காய் விளைச்சல் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் எந்தப் பத்திரிகை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கும்? நானே ஐந்தாம் பக்க அடியில் நான்கு வரியாகச் சுருக்கியிருப்பேன்.

சிங்கப்பூர்க்காரர் ஜக் சிம் இந்தச் சூத்திரத்தை முன்னமே கண்டுபிடித்தவர். மனக்குறை வகையில் அவர்தான் குரு. கழிப்பறை இல்லாத மக்களைப் பற்றிப் பேசினால் எவரும் காதுகொடுக்கிறார்களில்லை என்று கண்டு, 2001 நவம்பர் 19இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சுருக்கினால் உலக வர்த்தக அமைப்பின் அதே மூன்றெழுத்து வரும். சனம் சிரித்தது, சிரித்துக்கொண்டே கேட்டது. 2013இல் ஐ.நா. அந்த நாளை உலகக் கழிப்பறை தினமாக ஏற்றது. டோனட் தினத்தையும் எல்லோரும் வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைக்கிறார்கள். அது 1938இல் சிக்காகோவில் இரட்சணிய சேனை ஏழைகளுக்கு நிதி திரட்டத் தொடங்கியது. முதலாம் உலகப்போரில் படையினருக்கு டோனட் சுட்டுக் கொடுத்த பெண்களின் நினைவாக. கடைக்காரர் பிறகுதான் வந்து புகுந்தார்கள். ஆக, என் மூன்று வகைக்கும் இடையில் வேலி ஒன்றும் உறுதியில்லை.

இனி என் அவமானம். ஒரு டிசெம்பர் 15இல் 'இன்று சர்வதேச தேயிலை தினம்' என்று மூலையை நிரப்பினேன். தேயிலைக் கோப்பையில் ஆவி பறக்கும் படமும் போட்டோம். காலை ஒன்பது மணிக்கு ஒரு வாசகர் தொலைபேசியில் வந்தார். தேயிலைத் தொழிலில் தலைநரைத்தவர் என்பது குரலிலேயே தெரிந்தது. "தம்பி, அது மே 21க்கு மாறி எவ்வளவு காலம்! கொழும்பிலே இருந்துகொண்டு தேயிலையைப் பிழைவிடலாமோ?" நான் மன்னிப்புக் கேட்டேன். பத்து மணிக்கு இன்னொருவர், ஹற்றனிலிருந்து, தொழிற்சங்கக்காரர். "டிசெம்பர் 15ஐ மறக்காமல் போட்டதற்கு நன்றிங்க. ஆனா கோப்பையைப் போட்டீங்களே, கொழுந்து பறிக்கிறவங்களை ஏன் போடல்ல?"

இரண்டு பேரும் சொன்னது சரி. டிசெம்பர் 15 தொழிலாளர்கள் பக்கத்திலிருந்து வந்த தினம். 2005இல் புதுடில்லியில் தொடங்கியது, சம்பளம், சிறு தோட்டக்காரருக்கு நியாய விலை என்பவையே அதன் பேச்சு. ஐ.நா. பொதுச்சபை 2019இல் தேர்ந்தெடுத்தது மே 21ஐ. பெரும்பாலான தேயிலை நாடுகளில் மே மாதத்தில் அறுவடைக் காலம் தொடங்குகிறது என்பது காரணம். உலகம் மே மாதத்தில் கோப்பையைத் தூக்குகிறது. மலையகத்தில் டிசெம்பரை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு திகதி மாறும்போது கூடவே பேசுபொருளும் மாறிவிடுகிறது என்பதை அந்த இரண்டு தொலைபேசி அழைப்பிலும்தான் கற்றுக்கொண்டேன்.

ஐ.நா. நாட்காட்டியில் எங்கள் நாட்டுக் கைவரிசையும் உண்டு. வெசாக்கை ஐ.நா. அங்கீகரித்தது 1999இல், அதற்கு ஓடித்திரிந்தவர் அப்போதைய வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். பௌத்தர்களின் மிகப்பெரிய நாளை உலக அரங்கில் ஏற்றியவர் ஒரு தமிழர் என்பதை வருடாவருடம் வெசாக் கூடு பார்க்கப் போகும்போது நினைத்துக்கொள்வேன். யூலை 15 உலக இளைஞர் திறன் தினமும் மார்ச் 1 உலகக் கடற்புல் தினமும் இலங்கை கொண்டுவந்த தீர்மானங்கள்தான். கடற்புல் என்றால் மன்னார்ப் பக்கம் ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற புல். பாக்குநீரிணை மீனவருக்கு அதன் அருமை தெரியும். கொழும்பில் யாருக்கும் அந்தத் தினம் தெரியாது.

எங்களை மாங்காய் மடையராக்கிய ஒரு தினச் செய்தியையும் சொல்லவேண்டும். 1977 ஏப்ரல் 1ஆம் திகதி லண்டன் கார்டியன் பத்திரிகை 'சான் செரிஃப்' என்ற தீவு நாட்டுக்கு ஏழு பக்கச் சிறப்பிதழ் வெளியிட்டது. அப்படியொரு நாடே இல்லை. ஊர்ப் பெயரும் ஆட்சியாளர் பெயரும் எல்லாம் அச்சகத்து எழுத்துருச் சொற்கள். முதலில் அத்திலாந்திக்கில் தெனரீஃப் பக்கம் வைத்திருந்தார்களாம். சில நாள் முன்னர் அங்கே பெரிய விமான விபத்து நடந்ததால் அவசரமாக இந்து சமுத்திரத்துக்குத் தூக்கிவந்தார்கள். தீவின் மேற்குக் கரை அரிபட்டுக் கிழக்கில் மண் சேர்வதால் அது வருடத்துக்கு 1,400 மீற்றர் வேகத்தில் இலங்கையை நோக்கி நகர்கிறது, ஒருநாள் வந்து மோதும் என்றும் எழுதினார்கள். சீஷெல்ஸ் பக்கமிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். வந்துசேர இன்னும் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் இருக்கிறது. காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை விற்கிறவர்கள் பதற வேண்டியதில்லை.

இவ்வளவையும் பார்த்து வெள்ளைக்காரருக்குத்தான் நாளுக்கொரு விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். செட்டியார் தெரு நகைக்கடை ஒன்று வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் கிழிக்கிற கலண்டரைப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தாளில் சிவப்பிலும் கறுப்பிலும் அன்றைய திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம், சூலம் எந்தத் திசை, யாருக்குச் சந்திராஷ்டமம், கரிநாளா இல்லையா. உலக டோனட் தினத்தன்று டோனட் சாப்பிடாவிட்டால் ஒன்றும் நடக்காது. கலண்டரில் மேற்கே சூலம் என்றிருந்தால் அம்மா கடற்கரைக்கும் போகமாட்டார்.

இராகு காலத்தின் கணக்கு சுவையானது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கொரு பங்கை இராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கிழமைக்கு எந்தப் பங்கு என்று ஞாபகம் வைக்க ஒரு வாய்ப்பாட்டு உண்டு: 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா'. முதலெழுத்துகளைப் பிடித்தால் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கள் காலை 7.30க்குத் தொடங்கி ஒன்றரை ஒன்றரை மணியாக அதே வரிசையில் நகர்ந்தால் ஞாயிறு மாலை 4.30க்கு வந்து நிற்கும். ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைந்தால்தான் இந்த ஒன்றரை மணிக் கணக்கு பொருந்தும். கொழும்பு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுக்கப் பகலின் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறாது, ஆகவே பெரிதாகப் பிசகாது. லண்டனில் என்ன செய்வது? யூனில் பகல் பதினாறு மணித்தியாலத்தைத் தாண்டும். ஒரு பங்கு இரண்டு மணிக்கு மேல். டிசெம்பரில் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. பங்கு ஒரு மணிக்கும் குறைவு. என் சித்தி அங்கே பனிக்காலத் திங்கட்கிழமையில் கொழும்புக் கலண்டரைப் பார்த்து 7.30க்கு வெளியில் இறங்காமல் இருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே சூரியனே உதித்திருக்காது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு கலண்டர் கேட்பார்.

நாளையும் கிழமையையும் வைத்து அரசாங்கமே விளையாடிய நாடு இது. 1966இலிருந்து 1971 வரை இங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை இல்லை. நிலவின் நான்கு கட்டத்துக்கும் ஒவ்வொரு போயா, அதாவது பௌத்தரின் விசேஷ நாள். அந்தப் போயாவும் அதற்கு முந்தின நாளும்தான் வார இறுதி. நிலவு ஒரு சுற்று முடிக்க 29 நாளும் அரையும் ஆகும், நான்கால் பிரித்தால் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. அதனால் சில வாரத்துக்கு ஏழு நாள், சில வாரத்துக்கு எட்டு நாள். வரும் மாதம் எந்தக் கிழமையில் லீவு என்று பாடசாலைப் பிள்ளைகள் கலண்டரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கத்தோலிக்கர் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு ஓடினார்கள். வெளிநாட்டு வங்கிகள் திறந்திருக்கும் நாளில் எங்கள் வங்கிகள் மூடியிருந்தன. அவை மூடிய நாளில் எங்களுடையவை திறந்திருந்தன. வியாபாரத்துக்கு அது சரிவரவில்லை. கடைசியில் சனி ஞாயிறு திரும்பிவந்தது, பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது.

அடுத்த விளையாட்டு எனக்கே நினைவிருக்கிறது. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மே 25ஆம் திகதி மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரைமணி பின்னுக்கு எடுத்தார்கள். வன்னியில் புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தை தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். கல்யாண அழைப்பிதழ்களில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் 'புதிய நேரம்' என்று அச்சடித்தார்கள். அடிக்காதவர்களின் கல்யாணத்துக்குச் சிலர் தாலி கட்டி முடிந்தபின் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் அப்பு மட்டும் கூடத்துச் சுவர்மணிக்கூட்டைத் தொட விடவில்லை. "சூரியன் நேரம் மாத்தினதோ? ஆர் சொன்னது?" என்பார். அந்தக் கேள்வி அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். இராகு காலமும் மருந்து குடிக்கிற நேரமும் அவருக்கு அந்த மணிக்கூட்டின்படிதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று இன்னொரு தேத்தண்ணி குடித்துப் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். 2003இல் அப்பு போய்விட்டார். வருடத்துக்கொருக்கால் பற்றரி மாற்றும்போதும் அம்மா அதைப் பழைய நேரத்துக்கே வைத்தார், பழக்கம்தான். 2006 ஏப்ரல் 15, புதுவருடம் பிறந்த கையோடு, அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை அரைமணி பின்னுக்கு எடுத்தது. அன்று காலை நான் எழும்பி என் கைக்கடிகாரத்தை, போனை, குசினி மணிக்கூட்டை எல்லாம் திருப்பிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அங்கே திருப்ப ஒன்றும் இருக்கவில்லை.